மதகுக்கரையில் பதினாலு இலை

சென்னை-4
9-11-98

சிரஞ்சீவி வர்ஷினிக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. டேராடூனில் குளிர் ஆரம்பித்திருக்கும். நான் அனுப்பிய ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள்.

நேற்று இந்தப் பருவத்தின் முதல் பயணம். காலை ஐந்தரைக்கு லஸ் முனையில் அன்வர் பாஷா வேனோடு வந்து நின்றார். பதினாலு பேர். அபிராமபுரம் ராமானுஜம் மாமா பதினைந்தாவதாகத் தன் மச்சினரையும் அழைத்து வந்துவிட்டு, "ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துண்டு வரட்டுமே, என்ன குறைஞ்சுடப் போறது?" என்றார். மச்சினரை ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். மாமா கோபித்துக்கொண்டு கடைசி ஸீட்டுக்குப் போய்விட்டார். கொக்கரைத்தாங்கல் ஏரியில் முதல் கூழைக்கடாவைப் பார்த்ததும் கோபமெல்லாம் மறந்து, என் கழுத்திலிருந்த பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டார்.

பதினாலு பேருக்கு மேல் கிடையாது. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுப்பு கிடையாது. பாலிதீன் கிடையாது. சாப்பாடு ஊருக்குள் தாயம்மாவின் கூடத்தில், அவள் சமைத்ததுதான். ஏரிக்கரையில் ஒரு பருக்கை விழக்கூடாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் போட்ட சட்டம். நாலு வருஷமாக யாரும் மீறியதில்லை. பெருமைக்குத்தான் எழுதுகிறேன், தப்பில்லை.

முக்கியமான விஷயம். அந்த ஏரிப் பறவைச் சரணாலயத்தைச் சுற்றிக்காட்டும் உரிமையை வருகிற ஏப்ரலில் வனத்துறை யாருக்காவது எழுதிக் கொடுக்கப் போகிறது. தாயம்மாவின் ஊர்க்குழு கேட்டிருக்கிறது. தீபாவளிக்கு ஒரு வெடிகூடப் போடாமல் தலைமுறை தலைமுறையாக அந்தப் பறவைகளைக் காத்தவர்கள் அவர்கள். வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவரும் போட்டிக்கு வந்திருக்கிறார். அவருக்கு மிதிபடகும் ஐஸ்கிரீம் கடையும் ஒலிபெருக்கியும் வைக்க வேண்டுமாம். ஆட்கள் வந்து போவதால் கூடு குறையவில்லை என்று, உன் வனவிலங்குப் படிப்பில் வனத்துறைக்காக நீ எழுதும் அறிக்கை சொன்னால், ஊர்க்குழுவை யாராலும் அசைக்க முடியாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா ஹம்சா

டேராடூன்
24-11-98

அன்புள்ள அம்மாவுக்கு வர்ஷினி நமஸ்காரம்.

நான் நன்றாக இருக்கிறேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், சந்தேகம் வேண்டாம். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, அல்லது அவருக்கும் பறவைகளைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு வந்தாயா?

தாயம்மா அக்காவின் இந்தப் பருவத்து முதல் கார்டு வந்தது. ஏரிக்குள் இருக்கும் பன்னிரண்டு நீர்க்கடம்ப மரங்களுக்கும் தனித்தனி டப்பா வைத்திருக்கிறாராம். கூட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை கொட்டி எண்ணி, பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி எழுதி அனுப்புகிறார். எங்கள் பேராசிரியர் போன வருஷம் நேரில் வந்து சரிபார்த்தபோது இரண்டே கூடுதான் வித்தியாசம். அதிலும் தப்பு பேராசிரியருடையது.

உன் பயணங்களைப் பற்றி வகுப்பில் சொன்னேன். மைலாப்பூர் மாமாக்களை மூன்று மணி நேரம் பேசாமல் நிற்க வைக்கிறாய் என்பதை ஒருத்தரும் நம்பவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வர்ஷினி

சென்னை-4
22-12-98

சிரஞ்சீவி வர்ஷினிக்கு ஆசீர்வாதம். நான் க்ஷேமம். மார்கழிக் குளிருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் முழங்கால் சொன்னபடி கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றாம் மரமும் நாலாம் மரமும் இலை தெரியாமல் சின்னக்கொக்காக இருந்தன. தாயம்மா சத்தமில்லாமல் ஆளுக்கு ஒரு இடம் காட்டி நிறுத்தினாள். அவள் புருஷன் மண்ணாங்கட்டிதான் கரைக்குக் காவல். அவன் கையைத் தூக்கினால் நடக்க வேண்டும், இறக்கினால் நிற்க வேண்டும். கோர்ட்டில் குரலை உயர்த்தியே பழகின வக்கீல் ஒருத்தர் அவன் கையைப் பார்த்துப் பார்த்து நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

மத்தியானம் தாயம்மா கையால் கத்திரிக்காய்க் குழம்பு. மூன்று பேர் அவளிடம் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே ஆட்கள் தயிர்சாதத்தைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தவர்கள். ஏரி ஊரைச் சேர்ந்தது, அந்த ஊரில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறவர் ஏரியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் அப்போது. இதைவிடப் பெரிதாக நான் ஒன்றும் சாதித்துவிடவில்லை என்று தோன்றுகிறது.

அடுத்த பயணம் ஜனவரி பதினேழு.

அம்மா

டேராடூன்
5-1-99

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம். புது வருஷம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். எனக்கு லேசாக ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

மூன்றாம் நாலாம் மரங்களில் சேர்த்து அறுபத்திரண்டு கூடு என்று அக்காவின் கார்டு சொல்கிறது. எல்லாவற்றிலும் முட்டை. ஏரியிலேயே கரைக்கு மிகவும் நெருங்கினவை இவைதான். பொங்கலை ஒட்டி வரும் பயணத்தில் மதகுக்கரையில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

மார்ச் இருபதுக்குள் அறிக்கையைக் கேட்டிருக்கிறார் வன அதிகாரி. பதினேழாம் தேதிப் பயணத்தைப் பற்றி விரிவாக எழுது. உன் கடிதத்திலிருந்தும் நாலு வரி அறிக்கையில் சேர்க்கலாம் என்று இருக்கிறேன்.

வர்ஷினி

சென்னை-4
19-1-99

சிரஞ்சீவி வர்ஷினிக்கு ஆசீர்வாதம்.

சௌக்கியம். பொங்கல் நன்றாகப் போயிற்று. மாடியில் குடியிருப்பவர்கள் கரும்பு கொடுத்தார்கள், கடிக்கப் பல் இல்லை. கபாலி கோயில் குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது. உன் சித்தி பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், பையன் ஆடிட்டர்.

ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். தை அமாவாசையாக இருந்ததால் சாப்பாடு கொஞ்சம் தாமதம். மற்றபடி எல்லாம் நல்லபடியாக நடந்தது.

ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வைத்துச் சாப்பிடு.

அம்மா

டேராடூன்
12-2-99

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம். ஜலதோஷம் போய்விட்டது. உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

எனக்கு மனசு சரியில்லை. ஜனவரி கடைசியில் எண்ணிய கார்டு வந்திருக்கிறது. மூன்றாம் நாலாம் மரங்களில் அறுபத்திரண்டு கூடு பதினொன்றாகிவிட்டது. மற்ற பத்து மரங்களிலும் பெரிய மாற்றமில்லை. எண்ணிக்கையைத் தவிர அக்கா ஒரு வார்த்தைகூட எழுதச் சொல்லவில்லை. இதுவரை அப்படி இருந்ததேயில்லை.

காற்று மழை எதுவும் இல்லை. யாரோ கரையிலிருந்து கைவைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஊர்ப்பிள்ளைகள் முட்டை எடுத்தார்களா, மதகுப் பக்கம் ஆடு மேய்க்க வந்தவர்கள் கிளையை ஒடித்தார்களா, காவல் சரியாக இருந்ததா என்று ஊர்க்குழுவுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். நீ பதினேழாம் தேதி போனபோது ஏதாவது கண்ணில் பட்டதா? உடனே எழுது.

வர்ஷினி

சென்னை-4
20-2-99

வர்ஷினிக்கு ஆசீர்வாதம். கடிதம் வந்தது. இரண்டு நாளாகத் தலைவலி. பிறகு விவரமாக எழுதுகிறேன். நீ கவலைப்படாதே.

அம்மா

டேராடூன்
2-3-99

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம்.

தலைவலி தேவலையா? கார்டில் நாலு வரி எழுதுகிற ஆள் நீ இல்லை. மாடி வீட்டுக்கு போன் பண்ணினேன், நீ காலையில்தான் மார்க்கெட்டுக்குப் போய்வந்ததாகச் சொன்னார்கள்.

ஊர்க்குழுவிடமிருந்து பதில் வந்தது. காவலில் கவனக்குறைவு என்று மண்ணாங்கட்டி அண்ணனைக் கரைப் பக்கமே வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்களாம். அறிக்கையில் 'உள்ளூர் ஆட்களால் நேர்ந்த தொந்தரவு எனச் சந்தேகம்' என்று எழுதப் போகிறேன். எழுதினால் உரிமை ஒப்பந்தக்காரருக்குப் போய்விடும். எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

பதினேழாம் தேதியைப் பற்றி நீ இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

வர்ஷினி

சென்னை-4
9-3-99

வர்ஷினிக்கு அம்மா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைவலியும் இல்லை.

மண்ணாங்கட்டி ஒரு தப்பும் செய்யவில்லை. ஊரார் யாரும் செய்யவில்லை. செய்தது நான்.

அன்றைக்கு அமாவாசை. ஆண்கள் விடியற்காலையிலேயே தர்ப்பணத்தை முடித்துவிட்டு வேனில் ஏறினார்கள். அமாவாசையன்று வெளியில் சாப்பிட மாட்டோம் என்று முன்னாலேயே பாதிப்பேர் சொல்லியிருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் வரவேண்டாம் என்றிருப்பேன். அன்று நானும் அந்தப் பாதியில் ஒருத்தி. 'இன்றைக்கு உன் சமையல் வேண்டாம், நாங்கள் ஆத்திலிருந்தே கொண்டுவருகிறோம்' என்று தாயம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அதனால் நாங்கள் அவள் கூடத்துக்குப் போகவில்லை. அவளும் கரைக்கு வரவில்லை. மண்ணாங்கட்டியை ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய்வா என்று நானே அனுப்பினேன். அவன் எதிரில் தூக்குவாளியைத் திறக்கக் கூச்சமாக இருந்தது.

மதகுக்கரையில் உட்கார்ந்தோம். உன் அப்பா போய் ஏழு வருஷத்தில், காக்கைக்கு வைக்காமல் நான் ஒரு அமாவாசையும் சாப்பிட்டதில்லை. ஒரு இலைத்துண்டில் பருப்பும் நெய்யும் சேர்த்துச் சாதம் வைத்தேன். முதலில் வைத்தவள் நான். நான் வைத்ததைப் பார்த்து மற்ற பதிமூன்று பேரும் வைத்தார்கள். காக்கை வரவில்லை. எல்லாருமாகக் 'கா, கா' என்று கூப்பிட்டோம், வர்ஷினி. மூச்சு விடும் சத்தம் கேட்கக்கூடாது என்று நாலு வருஷமாகச் சட்டம் பேசினவள், குரலெடுத்துக் கூப்பிட்டேன்.

வந்தன. முதலில் ஐந்தாறு, அப்புறம் சுற்றுவட்டாரத்துக் காக்கையெல்லாம். 'அப்பா வந்துட்டார்' என்று ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாதம் தீர்ந்ததும் அவை போகவில்லை, மூன்றாம் மரத்தில் ஏறி உட்கார்ந்தன. ஒரு காக்கை வெளிர்நீல முட்டையொன்றை அலகில் தூக்கிக்கொண்டு என் தலைக்கு மேலே பறந்தது. என் கண்ணால் பார்த்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்திருக்கின்றன. தீனி கிடைத்த இடத்தைக் காக்கை விடாது என்று எட்டாம் வகுப்புக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று உனக்கு எழுதினேன். என் பயணத்தால் கெடுதல் வந்தது என்று என் கை எழுத மறுத்தது. அவ்வளவு கர்வம்.

உன் கடிதத்தில் மண்ணாங்கட்டி பெயரைப் பார்த்ததும் முந்தாநாள் கொக்கரைத்தாங்கலுக்குப் போனேன். தாயம்மா வாசலிலேயே நின்றாள். பதினாலு இலையையும் மறுநாள் காலையில் பொறுக்கி எருக்குழியில் போட்டது அவள்தான். புருஷனைக் கரையை விட்டு நிறுத்தியபோதுகூட, நான் அவனை அனுப்பினதை அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன், டீச்சரம்மா" என்றாள். எனக்கு உட்காரக்கூட முடியவில்லை.

வன அதிகாரிக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன் அறிக்கையில் என் பெயரை எழுது. 'பார்வையாளர் ஒருவர்' என்று மழுப்பாதே.

அம்மா

டேராடூன்
18-3-99

அம்மாவுக்கு நமஸ்காரம்.

எழுதிவிட்டேன். உன் பெயர், தேதி, மணி, இலை எத்தனை என்பதுவரை எல்லாம் இருக்கிறது. அறிக்கை நேற்று தபாலில் போயிற்று. உரிமை யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் உன்மேல் ஆத்திரமாக இருந்தது. அப்பாவுக்காகச் சாதம் வைத்ததைப் பற்றி எனக்குக் கோபமே இல்லை. 'எல்லாம் நல்லபடியாக நடந்தது' என்ற வரிதான் ஆறவில்லை. அந்த வரியை நம்பித்தான் ஊர்மேல் சந்தேகப்பட்டேன். மண்ணாங்கட்டி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். இப்படி எழுத என் வகுப்பில் யாருக்கும் தைரியம் வராது, எனக்கும் வராது. உன் பெண்ணாகப் பிறந்ததில் எனக்குப் பெருமைதான். கோபமும் இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பதை நிறுத்தாதே.

வர்ஷினி

கொக்கரைத்தாங்கல்
3-4-99

பாப்பா வர்ஷினிக்கு தாயம்மா சொல்லி, வாத்தியார் எழுதுறது.

இங்க நாங்க எல்லாரும் சொகமா இருக்கோம். நீ அங்க சொகமா இருக்கியா? உன் லெட்டரை வாத்தியார் படிச்சுக் காட்டினாரு. எங்க வூட்டுக்காரரு கேட்டுட்டு, 'பட்டணத்துப் பொண்ணு நம்மகிட்ட மன்னிப்பு கேக்குதே'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தாரு. மறுபடி காவலுக்குப் போறாரு.

டீச்சரம்மா மேல எனக்குக் கோவம் உண்டு. முட்டைக்காகக்கூட இல்ல, முட்டை அடுத்த வருசம் வரும். அன்னிக்கு என் சோறு வாணாம்னாங்களே, அதுக்கு. நாலு வருசம் என் கையால துன்னுட்டு ஒரு நாளைக்கு மட்டும் வாணாம்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? இதை அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். அதிகாரி வர்ற அன்னிக்குக் குழுவுலயும் சொல்லுவேன்.

கொக்குங்க திரும்ப வருது. மூணாம் மரத்துல புதுசா ஒம்போது கூடு.

தாயம்மா

சென்னை-4
26-4-99

சிரஞ்சீவி வர்ஷினிக்கு அம்மாவின் மனம் நிறைந்த ஆசீர்வாதம்.

நான் ரொம்ப சௌக்கியம். முந்தாநாள் முழங்கால் இருந்ததே நினைவில்லை. உன் சௌக்கியத்துக்குப் பிறகு எழுது, முதலில் இதைப் படி.

சனிக்கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வன அதிகாரி கூட்டம் போட்டார். உன் அறிக்கையை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். என் பெயர் வந்த இடத்தில் ஒப்பந்தக்காரர் எழுந்து, "படிச்ச டீச்சரே இப்படின்னா இவங்க எப்படி சார் ஏரியைக் காப்பாத்துவாங்க?" என்று கேட்டார். நான் எழுந்தேன். அறிக்கையில் இருப்பது ஒவ்வொரு எழுத்தும் நிஜம், செய்தவள் நான், ஊருக்கு இதில் பங்கில்லை என்றேன்.

அதிகாரி தாயம்மாவைப் பார்த்து, "இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வீங்க?" என்றார். தாயம்மா ஒரு காகிதத்தை நீட்டினாள். முதல்நாளே குழு கூடித் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறது. முட்டையிடும் காலத்தில் மதகுக்கரை அடியோடு மூடல். எந்த வேனோடும் ஊர் ஆள் ஒருவர் முழுநேரமும் இருப்பார், அவரை வீட்டுக்குப் போ என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஊரில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் மட்டும் வரலாம், எந்தத் திதியானாலும் சரி. கடைசியாக ஒன்று: மைலாப்பூர் ஹம்சா டீச்சரின் வேன் அடுத்த பருவம் முழுவதும் வரக்கூடாது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவங்கதானே உங்களுக்கு ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றாங்க?" என்று கேட்டார். "ஆமாம் சார். அவங்கதான் எங்களுக்கு இத்தனையும் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்காக விட்டுட முடியுமா?" என்றாள் தாயம்மா. அதிகாரி ஒப்பந்தக்காரரைத் திரும்பிப் பார்த்து, கூட்டம் கொண்டுவருகிற ஆளை நிறுத்தி வைக்க உங்களால் முடியுமா என்று கேட்டார். மூன்று வருஷத்துக்கு உரிமை ஊர்க்குழுவுக்கே என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

தீர்மானத்தில் என் சம்மதத்துக்கும் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அப்புறம் தாயம்மாவிடம் சோறு கேட்டேன். போட்டாள். பேசாமல்தான் போட்டாள், மறுசோறு மட்டும் கேட்காமலே வந்தது.

திரும்பும்போது தாம்பரத்தில் பாஷா வண்டியை ஓரம் கட்டினார். அப்புறம், "இன்னாமா இது, நம்ம வண்டியவே ஒரு வருசம் நிறுத்திட்டாங்க, நீங்க சிரிச்சிக்கினு வர்றீங்க?" என்றார்.

"பாஷா, அந்தக் கூட்டத்துல அவாளுக்கு வேண்டியவள் நான் ஒருத்திதான். என்னையே வராதேன்னு சொல்லிட்டா. இனிமே எவன் வந்து நின்னாலும் அந்த ஏரிக்குப் பயமில்லை" என்றேன்.

நவம்பரில் யார் போன் பண்ணினாலும் என்ன பதில் சொல்வது என்று பாஷாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். வண்டி ரிப்பேர், டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் சொல்லக்கூடாது. ஊர்க்காரர்கள் எங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நீங்கள் நேராக அவர்களைக் கேட்டுக்கொண்டு போங்கள் என்று சொல்ல வேண்டும், சத்தமாக.

உன் அம்மா,
ஹம்சா